ஆறு மணிக்குள் ஒரு வீடு

அந்தத் தாளில் ஒரே ஒரு கோடுதான் காலியாக இருந்தது. மற்றதை எல்லாம் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அழகாக டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். பெயர் பஞ்சாலை. வயது பதினேழு. தகப்பன் பெயர் சன்னாசி, மண்டோர். போகும் காரணம் நாட்டியப் படிப்பு. ‘தங்கும் வீடு’ என்ற இடத்தில் மட்டும் வெறும் கோடு. அந்தக் கோட்டின்மேல் ஒரு வீட்டு நம்பரும், அதன் கீழே வீட்டுக்காரர் கையெழுத்தும் வந்தாக வேண்டும். அதோடு அந்தத் தாள் அன்றைக்கே, மாலை ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்துவதற்கு முன்னால், தோட்டத்து ஆபீசுக்குத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் தோட்டத்துக்கு வெளியே தங்க எனக்குக் கிடைத்த பாஸ் ரத்து. பாஸ் போனால் படிப்பும் போச்சு. திங்கட்கிழமை விடியற்காலையில் நான் பழையபடி ரப்பர் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் சீவ நிரைக்குப் போகவேண்டியதுதான்.

இது ஐம்பத்திரண்டாம் வருஷம். அவசரகாலம் என்று சட்டத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் நின்று நின்று கால் கடுக்க வேண்டும். ரெம்பாவிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு எங்கள் கையால் ஒரு பிடி அரிசி போய்விடக்கூடாதாம். காலை ஆறுக்குக் கேட்டு திறக்கும், மாலை ஆறுக்குச் சாத்தும். வெளியே போனால் சோதனை, உள்ளே வந்தால் எண்ணிக்கை. விசில் ஊதினால் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நின்றால் கையைத் தூக்க வேண்டும். இது எங்கள் உடம்பில் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், பள்ளிக்கூட வாத்தியார் பந்து விளையாட்டுக்கு விசில் ஊதினால்கூட என் அம்மா முத்தாயி அடுப்படியில் கரண்டியோடு கையைத் தூக்கிவிடுவாள். அப்புறம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு ரசத்தைக் கலக்குவாள்.

சிரம்பானில் புதிதாக ஒரு நாட்டிய சங்கீதக் கலாசாலை திறந்திருந்தார்கள். கிராணியின் மனைவி மயிலம்மாள், திருவிழா மேடையில் நான் ஆடியதைப் பார்த்தவர், என்னைக் கேட்காமலே மனுப் போட்டுவிட்டார். கூப்பிட்டார்கள், போனேன், ஆடினேன், எடுத்துக்கொண்டார்கள்! இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆனால் வகுப்பு காலை ஆறரைக்கு. எங்கள் கேட்டு திறப்பதே ஆறுக்கு. ரெம்பாவுக்கு நடந்து, பஸ் பிடித்து, சிரம்பான் போய்ச் சேர்வதற்குள் அங்கே பாதி வகுப்பு முடிந்திருக்கும். கலாசாலையில் தங்க இடம் கிடையாது. “லோபாக் பக்கம் ரூம் கெடைக்கும், நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் தகரப்பெட்டியோடு நாங்கள் மூவரும் கேட்டில் நின்றோம். பெண்களைத் தடவிப் பார்க்கும் வேலை எங்கள் பக்கத்து வீட்டு மாரியம்மாவுக்கு. காலையில் எங்களிடம் உப்பு வாங்கிப் போனவள், கேட்டில் யாரோ எவரோ என்று முகத்தை வைத்துக்கொள்வாள்.

“மடியில என்னா முத்தாயி?”

“பூவுலா. வீடு கேட்டுப் போறோம், வெறுங்கையோடயா போறது? பழத்த வச்சா பழத்தப் புடுங்குற, வடைய வச்சா வடையப் புடுங்குற. பூவுக்குமா சட்டம் போட்டுட்டாங்க?”

மாரியம்மா யோசித்தாள். பூவைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் வேலியில் பூத்த கனகாம்பரம் வாழை இலைச் சுருளோடு சிரம்பானுக்குப் புறப்பட்டது.

லோபாக்கில் இறங்கியதும் நஜிமுதீன் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் ரூம் காலி, எந்த வீட்டில் மாமியார் கோபக்காரி என்பதெல்லாம் பாய்க்கு அத்துப்படி என்று மயிலம்மாள் சொல்லியிருந்தார். பாய் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே மூன்று வீடு சொன்னார். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்கினார். “அந்த அம்மா கொஞ்சம் ஒரு மாதிரி. மொத ரெண்டும் அமையலன்னா மட்டும் போங்க.”

என் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இருநூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியே பழகிய மண்டோர் தொண்டை. “சரிங்க பாய்!” என்றார். கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் வீடு தையல்காரர் மாயாண்டியின் கடை மாடி. பலகைத் தரை, நல்ல காற்று, ஜன்னலைத் திறந்தால் தெரு. எனக்கு உடனே பிடித்துவிட்டது. மாயாண்டியும் நல்ல மனுஷர். “நாட்டியமா? நல்லதுதானே. மெதுவா ஆடுவீங்கதானே? எங்க, லேசா ஒரு தடவ ஆடிக் காட்டுங்க, நான் கீழ நின்னு கேக்குறேன்” என்று இறங்கிப் போனார். லேசாக என்றால் எனக்கு எப்படித் தெரியும்? திருவிழா மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று ஆடியவள் நான். சந்தோஷம் வேறு. தட்டினேன். பலகை இடுக்கில் இருந்த இருபது வருஷத்துத் தூசி அப்படியே கீழே இறங்கியது. கீழே ஒரு மாப்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நான் இறங்கி வந்தபோது மாப்பிள்ளை வெல்லத்தில் விழுந்த எறும்பு மாதிரி பழுப்பு நிறத்தில் நின்றார். மாயாண்டி கையிலிருந்த அளவு நாடாவால் கதவைக் காட்டினார்.

“தரய மிதிக்கச் சொன்னா வீட்ட இடிக்கிறியே!” என்று அம்மா தெருவில் என்னைக் கிள்ளினாள். ஆனால் கிள்ளும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது மணி பதினொன்றுதான், சிரிக்க நேரம் இருந்தது.

இரண்டாவது வீட்டில் சிரிப்பு போய்விட்டது. அங்கே என்னை ஆடச் சொல்லவில்லை. அடையாளக் கார்டைக் கேட்டார்கள். முகவரியைப் பார்த்தார்கள். “தோட்டத்து ஆளுங்களா?” என்றார் அந்த மனிதர். “தப்பா நெனச்சிக்காதீங்க. காட்டுக்கு அரிசி போற எடத்துல இருந்து வந்திருக்கீங்க. நாளைக்கு போலீசு மாத்தா வந்து என் வீட்டக் கொடஞ்சா நான் என்னா செய்யிறது?” கார்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அவர் வீட்டுப் படியிலேயே ஒரு முழு உருப்படி ஆடிவிட்டு வரலாமா என்று தோன்றியது. அப்பா என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

பாய் சொன்ன ரெண்டும் போயிற்று. பாய் சொல்லாத வீடுகளிலும் கேட்டோம். ஒன்றில் ஆம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஒன்றில் ரூம் என்று காட்டியது கோழிக்கூண்டு. கோழி இன்னும் காலி செய்யவில்லை. மணி இரண்டரை ஆகிவிட்டது. கடைசிப் பஸ்ஸை நாலு மணிக்குள் பிடித்தால்தான் ஆறுக்குள் கேட்டு. அம்மா மடியில் கனகாம்பரம் வாட ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது வீடு கடை வரிசையின் கோடியில் இருந்தது. கீழும் பலகை, மேலும் பலகை, வாசலில் மட்டும் சிமெண்டு போட்ட அஞ்சடி நடைபாதை. வீட்டுக்கார அம்மாவின் பெயர் வள்ளிநாயகி. தனியாள். ஐம்பது வயது இருக்கும். கதவைப் பாதி திறந்து, எங்களையும் தகரப்பெட்டியையும் பார்த்தார்.

“ரூம் இருக்கு. இருந்த டீச்சரு கல்யாணம் பண்ணிக்கிட்டு மந்தின் பக்கம் போயிட்டாங்க. பொண்ணு என்னா படிக்குது?”

அப்பா தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். “நாட்டியங்க!” தெருக் கோடியில் ஒரு நாய் எழுந்து நின்றது.

“ஐயோ, வேண்டவே வேண்டாம். எனக்கு மண்டைக் குத்து. தகப்பன் பேச்சே இப்படின்னா மக காலு எப்படி இருக்கும்? பலக வீடுங்க இது. நான் ஒருத்தி நடந்தாலே தட்டுமுட்டு ஆடுது. இந்த வீட்டுக்குள்ள ஆட்டம் பாட்டம் ஆகாது.”

அம்மா இலைச் சுருளை நீட்டினாள். “சாமிக்குப் போடுங்கம்மா. எங்க வேலிப் பூவு.”

வள்ளிநாயகி அம்மாள் தயங்கினார். பூவை வாங்கிக்கொண்டார். “பூவ வச்சிக்கிறேன். பொண்ண வச்சிக்க மாட்டேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

நான் தகரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கோபமெல்லாம் போய் அழுகை வந்தது. இரண்டு வருஷமாகப் பால்மரத்தடியில், வாளியைத் தாளத்துக்குத் தட்டித் தட்டி, கொசுவுக்கு ஆடிக் காட்டிய கால். தேர்வில் ஜெயித்த கால். ஒரு பலகைத் தரைக்காக வீட்டுக்குத் திரும்பப் போகிறது. “எந்திரி ஆயி, பஸ்ஸு போயிடும்” என்றார் அப்பா. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் விசில் ஊதியது.

தெருவின் இரண்டு முனையிலும் லாரி வந்து நின்றது. போலீஸ்காரர்கள் குதித்தார்கள். திடீர்ச் சோதனை. லோபாக்வாசிகளுக்கு இது அடிக்கடி வருவதில்லை போலிருக்கிறது. ஒருவர் உள்ளே ஓடினார், ஒருவர் வெளியே ஓடினார், ஒரு அம்மா துவைத்த துணியை எடுக்க ஓடினார். மாயாண்டி அளவு நாடாவோடு நடுத்தெருவில் சுற்றினார். எங்களுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. விசில் சத்தம் காதில் விழுந்ததுதான் தெரியும், அடுத்த மூச்சில் நாங்கள் மூவரும் வள்ளிநாயகி அம்மாள் வீட்டு அஞ்சடியில் வரிசையில் நின்றோம். முன்னால் அப்பா, அடுத்து அம்மா, அடுத்து நான். கை மேலே. வலது கையில் கார்டு, முகம் தெரியும்படி. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. அது எங்கள் வீடும் இல்லை. வழிப்போக்கர்கள் தெரு முனையில் தனியாக நிற்க வேண்டும் என்று பிறகுதான் சொன்னார்கள். ஆனால் நிற்கிற இடத்திலேயே பக்கத்துக் கதவுக்கு முன்னால் வரிசை போடுவதுதான் எங்கள் தோட்டத்துப் பழக்கம்.

அது போதாது என்று அப்பா சுற்றிப் பார்த்தார். இத்தனை பேர் வரிசை இல்லாமல் ஓடுவதை ஒரு மண்டோரால் எப்படிப் பொறுக்க முடியும்?

“வரிசே!” என்று ஒரு சத்தம் போட்டார்.

லோபாக் அப்படியே நின்றது. அடுத்த கணம் தெரு முழுக்க வரிசை. மாயாண்டி வரிசையில். கோழிக்கூண்டுக்காரர் வரிசையில். அந்த இரண்டாவது வீட்டுக்காரர், என் கார்டை இரண்டு விரலால் பிடித்தவர், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எல்லாரையும்விட ஒழுங்காக நின்றார். ஒரு இளம் போலீஸ்காரர்கூட அவசரமாக விறைத்து நின்றுவிட்டு, பிறகு வெட்கப்பட்டார். எனக்குக் கண்ணீர் இன்னும் காயவில்லை, அதற்குள் வயிறு குலுங்கியது. கையைத் தூக்கிக்கொண்டே சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வள்ளிநாயகி அம்மாள் பதறியடித்து வெளியே வந்து எனக்குப் பின்னால் நின்றார். “கார்டக் காணோமே! ஐயோ, எங்க வச்சேன்னு தெரியலயே!”

அம்மா திரும்பாமலே, தூக்கிய கையை இறக்காமலே கேட்டாள். “சாமி படத்துக்குப் பின்னால பாத்தீங்களா?”

அவர் உள்ளே ஓடினார். கார்டோடு ஓடி வந்தார். அதில் ஒரு கனகாம்பரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சார்ஜண்ட் ஒரு மலாய்க்காரர், நரைத்த மீசை, களைத்த முகம். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஆள் பட்டியலை எடுத்துவரச் சொல்லி, பட்டியலையும் வரிசையையும் ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்களிடம் வந்ததும் பட்டியலைப் பார்த்தார். இரண்டு பேர். வரிசையைப் பார்த்தார். நாலு பேர்.

“பெராப்பா ஓராங்?” எத்தனை பேர் என்று கேட்டார். வள்ளிநாயகி அம்மாள் என் முதுகுக்குப் பின்னால் ஒண்டினார். பட்டியலில் இருக்கும் டீச்சர் எங்கே என்று கேட்டார். அந்த அம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீச்சர் போய் மூன்று மாதம் ஆகியும் இந்த அம்மா பெயரை அடிக்கச் சொல்லவே இல்லை. அந்தக் காலத்தில் அது சின்னத் தப்பு இல்லை. ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

அப்பா கையைத் தூக்கியபடியே, விரல் இடுக்கில் இருந்த எங்கள் தாளை நீட்டினார். நாங்கள் வெளியூர் என்று காட்டத்தான் நீட்டினார், வேறு நினைப்பில்லை. சார்ஜண்ட் வாங்கி நிதானமாகப் படித்தார். தகரப்பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலிக் கோட்டைப் பார்த்தார். பட்டியலில் இருந்த டீச்சர் பெயரைப் பார்த்தார். ஒரு ஆள் போயாச்சு, ஒரு ஆள் வந்திருக்கு, அப்பா அம்மா கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று தானே முடிவுகட்டிக்கொண்டார். நாள் முழுக்கக் குழப்பத்தையே பார்த்தவருக்கு இப்படி ஒன்று நேராக அமைந்ததில் முகமே தெளிந்துவிட்டது.

“பெத்துல்?” என்று வள்ளிநாயகி அம்மாளைக் கேட்டார். சரிதானே?

நான் கையைத் தூக்கியபடியே கழுத்தை மட்டும் திருப்பினேன். அந்த அம்மா ‘இல்லை’ என்றால் எனக்குப் பால்வாளி. ‘ஆமாம்’ என்றால் நாட்டியம். அவர் சார்ஜண்டைப் பார்த்தார், கையிலிருந்த கார்டையும் பூவையும் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது.

“பெத்துல், துவான்” என்றார். சரிதான், ஐயா.

சார்ஜண்ட் டீச்சர் பெயரை அடித்தார். ‘பஞ்சாலை’ என்று எழுதினார். எங்கள் தாளில், அந்தக் கோட்டின்மேல், வீட்டு நம்பரை அவரே எழுதினார். நீட்டின பேனாவை வாங்கி வள்ளிநாயகி அம்மாள் கையெழுத்துப் போட்டார். லாரிகள் போய்விட்டன. நாங்கள் நாலு பேரும் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

“என் வாயிலேருந்தா அது வந்துச்சி?” என்றார் வள்ளிநாயகி அம்மாள்.

“ஆமாங்க!” என்றார் அப்பா.

“கத்தாதீங்க, மண்ட குத்துது” என்றவர், படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பயந்த சிரிப்பு, நிற்கவே மாட்டேன் என்றது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவி, தானும் சிரித்தாள். சிரித்து முடித்து, வள்ளிநாயகி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை நீட்டி என்னிடம் சொன்னார். “இந்தா பொண்ணு. பேரு எழுதியாச்சி, இனிமே நான் ஒன்ன வெரட்ட முடியாது. ஆனா இந்த வீட்டுக்குள்ள ஒரு தட்டு தட்டக்கூடாது. கேட்டுக்கிட்டியா?”

“கேட்டுக்கிட்டேன்மா” என்றேன். அந்த நேரத்தில் தலைகீழாக நடக்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

அப்பாவும் அம்மாவும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஓடும்போது அப்பா திரும்பி வந்தார். தாளைச் சட்டைப் பையில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் காதருகே குனிந்து, அவர் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு மெதுவாக, “நல்லா ஆடு ஆயி” என்றார். பிறகு ஓடிவிட்டார்.

ரூமில் பெட்டியை வைத்தேன். பலகையில் பூனை மாதிரி நடந்தேன். இரண்டு வருஷப் படிப்பு முடியும்வரை இப்படியே நடக்க வேண்டும் என்று நினைத்தபோது கொஞ்சம் திக்கென்றது. இருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். சுவருக்கு ஒரு தடவை, ஜன்னலுக்கு ஒரு தடவை முத்தம் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு எங்கோ மரம் அறுக்கும் மரவாடியில் சங்கு ஊதியது. சங்கு முடிவதற்குள் நான் அஞ்சடியில் நின்றிருந்தேன். கை மேலே, வலது கையில் கார்டு. எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. வேலை முடிந்து போகிறவர்கள் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நஜிமுதீன் பாய் கடையில் யாரோ பாட்டுப் பெட்டியைத் திருப்பினார்கள்.

“அங்க என்னாடி செய்யிற?” வள்ளிநாயகி அம்மாள் கதவில் நின்றார்.

“ஆறு மணிம்மா. கேட்டு சாத்துவாங்க. எண்ணுவாங்க.”

“எந்தக் கேட்டு?”

தெருவைப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். கேட்டு இல்லை. கம்பி இல்லை. இந்நேரம் தோட்டத்தில் எண்ணுவார்கள். எங்கள் வீட்டு வரிசையில் மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர் நிற்பார்கள். மாரியம்மா “பஞ்சாலை எங்க?” என்று கேட்பாள். அப்பா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டி, ரெம்பாவ் வரைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுவார். எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. இங்கே என்னை எண்ண யாருமே இல்லை. கை மட்டும் மேலேயே இருந்தது, இறக்கச் சொல்ல ஆள் இல்லாததால்.

கார்டை ரவிக்கைக்குள் செருகினேன். தூக்கிய கையை மணிக்கட்டில் மெல்லத் திருப்பினேன். விரல் விரிந்தது. கால் தானாக ஒரு தட்டு தட்டியது. பலகை அதிரவில்லை, தூசி விழவில்லை. கெட்டியான சிமெண்டு. பயந்துபோய்ச் சட்டென்று நின்று, வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தேன்.

வள்ளிநாயகி அம்மாள் உள்ளே போனார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, தலையில் ஒரு ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“வீட்டுக்குள்ளதானே வேணாம்னேன்? அஞ்சடி என்னுது இல்ல, டவுன் போர்டுது. ஆடு.”